தடைக்கால நிவாரணம் என்று வந்த ஃபைலைத் தொட்டுவிட்டோம், இனி என்ன செய்வது?

கேள்வி: பாம்பனிலிருந்து எழுதுகிறேன். வீட்டுக்காரர் விசைப்படகில் வேலைக்குப் போகிறவர். எங்கள் மகளிர் குழு வாட்ஸ்அப்பில் நாத்தனார் நம்பரிலிருந்து ‘தடைக்கால நிவாரணம்’ என்று ஒரு ஃபைல் வந்தது. பெயருக்குப் பின்னால் ஏபிகே என்று இருந்தது. வீட்டுக்காரர் அதைத் தொட்டு, கேட்டதற்கெல்லாம் ‘அனுமதி’ கொடுத்துவிட்டார். ஆதார் நம்பர் கேட்டது, பதிவுக்கு ஒரு ரூபாய் கட்டச் சொன்னது. அதன்பிறகு அந்த ஆப்பையே திரையில் காணவில்லை. நாத்தனாரைக் கேட்டால், ‘நான் எதையும் அனுப்பவில்லையே’ என்கிறார். பணம் இன்னும் போகவில்லை. ஆப்பை அழித்தால் போதுமா, போனையே மாற்ற வேண்டுமா?

பதில்: சகோதரி, போனை மாற்ற வேண்டாம். ஆனால் ஆப்பை மட்டும் அழித்தாலும் போதாது. செய்ய வேண்டிய முதல் இரண்டு காரியங்களை உங்கள் கடிதம் வந்த அன்றே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு போனில் ஓர் ஆப்பை நிறுவும் ஃபைல். அரசு எந்த நிவாரணத்தையும் வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பிக் கொடுப்பதில்லை. மீன்பிடித் தடைக்கால உதவித்தொகை மீனவரின் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் மீன்துறை அலுவலகத்தில் கேட்கலாம். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அந்தத் தொகையை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தி முதல்வர் அறிவித்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கும்போது ஒவ்வொரு வீடும் அந்தப் பணத்தை எதிர்பார்த்திருக்கும் என்பது திருடனுக்கும் தெரியும். அதனால் உங்கள் வீட்டுக்காரரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். விவசாயிக்குப் பிஎம் கிசான் பெயரிலும், வண்டி வைத்திருப்பவருக்குப் போக்குவரத்து அபராதம் என்றும், மற்றவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகையாகவும் இதே ஃபைல்தான் போகிறது.

இந்த ஆப்புக்கு முக்கியமாக வேண்டியது உங்கள் எஸ்எம்எஸ். அதைப் படிக்க ஒருமுறை அனுமதி கிடைத்துவிட்டால், வங்கியிலிருந்து வரும் ஓடிபி உங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே அவன் கைக்குப் போய்விடும். பணம் எடுத்ததாக வரும் தகவலையும் சில ஆப்கள் மறைத்துவிடும். ‘இன்னும் பணம் போகவில்லை’ என்பதை எஸ்எம்எஸ்ஸை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய் வரவு செலவைப் பதிந்து பாருங்கள்.

அடுத்தது அந்த ஒரு ரூபாய். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அதுதான். அவனுக்கு ஒரு ரூபாய் வேண்டாம். கட்டுவதற்காக நீங்கள் அழுத்தும் யுபிஐ பின் நம்பரும், ஏடிஎம் கார்டு எண்ணும்தான் வேண்டும். வந்த பக்கம் கூகுள் பே, போன்பே போலவே இருக்கும், ஆனால் போலி. பின்னும் ஓடிபியும் சேர்ந்தால் வேறோர் ஊரில் உட்கார்ந்துகொண்டே உங்கள் கணக்கைத் துடைத்துவிடலாம். வீட்டுக்காரர் அங்கே எதையாவது அழுத்தினாரா என்று நிதானமாகக் கேளுங்கள். ஞாபகம் இல்லை என்றால், அழுத்தியதாகவே வைத்துக்கொண்டு காரியம் செய்யுங்கள்.

முதல் வேலை, அந்த போனில் நெட்டை அணைத்துவிட்டு சிம்மைக் கழற்றுங்கள். வீட்டில் பழைய பட்டன் போன் இருந்தால் அதில் போடுங்கள். இனி ஓடிபி அங்கே வரும், அந்த ஆப்பால் படிக்க முடியாது. அதே பட்டன் போனில் ##002# என்று அடித்து அழையுங்கள். உங்கள் அழைப்புகளை வேறு நம்பருக்குத் திருப்பிவிட்டிருந்தால் அது ரத்தாகும். சிம்மைக் கழற்றுவதால் மட்டும் அது போகாது.

உடனே வங்கியைக் கூப்பிட்டு கார்டு, யுபிஐ, நெட் பேங்கிங் மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். கார்டின் பின்பக்கமோ பாஸ்புக்கிலோ இருக்கும் நம்பரைத்தான் அழைக்க வேண்டும். இணையத்தில் தேடினால் போலி வாடிக்கையாளர் சேவை நம்பர்களும் கலந்து வரும், இரண்டாம் முறையும் ஏமாந்துவிடுவோம். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவி ஏடிஎம்மில் வெளியே போவதற்குள் நிறுத்திவைக்க முடிந்தால்தான் திரும்பும். வீட்டுக்காரர் கடலிலிருந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, பின் நம்பரை நாமே கொடுத்துவிட்ட கேஸில் வங்கிக்குச் சொல்லும்வரை ஏற்படும் நஷ்டம் நம்முடையது. சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. ஆகவே புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் போனைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கும் முன்னால், வாட்ஸ்அப்பில் வந்த அந்த மெசேஜையும் ஃபைலின் பெயரையும் வேறொரு போனில் படம் பிடித்து வையுங்கள், புகாருக்கு உதவும். ஐகான் காணாமல் போனாலும் அமைப்புகளில் ‘ஆப்ஸ்’ முழுப் பட்டியலில் அந்த ஆப் இருக்கும். அழிக்க விடாவிட்டால், ‘சாதன நிர்வாகி’ என்ற இடத்திலும் ‘அணுகல்தன்மை’ என்ற இடத்திலும் அதற்குக் கொடுத்த உரிமையை முதலில் எடுக்க வேண்டும். ஆனால் உங்கள் விஷயத்தில் இதோடு நிற்காதீர்கள் என்பதே என் முடிவு. கேட்ட அனுமதி எல்லாம் கொடுத்தாகிவிட்டது, அது வேறு எதை இறக்கி வைத்திருக்கிறது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. போட்டோக்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனை முழுவதுமாக ரீசெட் செய்யுங்கள். பிறகு ஆப்களைப் பிளே ஸ்டோரிலிருந்து புதிதாகப் போடுங்கள். டவுன்லோடு ஃபோல்டரை அப்படியே திரும்பக் கொண்டுவராதீர்கள். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை வேறு போனிலிருந்து மாற்றிவிடுங்கள்.

இனி நாத்தனார் விஷயம். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கும். அவர் போனுக்கும் இதே ஃபைல் யாரிடமிருந்தோ வந்திருக்க வேண்டும். அவருடைய எஸ்எம்எஸ்ஸைப் படிக்க முடிகிறவன், அவர் நம்பரில் வேறொரு போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, அவர் இருக்கும் குழுவுக்கெல்லாம் அனுப்பிவிடலாம். தெரிந்த நம்பர் என்று நம்பித்தான் நாம் தொடுகிறோம். இதைத் தடுக்க வாட்ஸ்அப் அமைப்புகளில், கணக்கு என்ற பகுதியில் ‘இருபடிச் சரிபார்ப்பு’ இருக்கிறது. ஆறு இலக்க பின் ஒன்றை அங்கே வைத்துவிட்டால், எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீடு மட்டும் கிடைத்து அவனால் உள்ளே நுழைய முடியாது. ரீசெட் செய்த கையோடு அதைச் செய்துவிடுங்கள்.

நாத்தனார் வீட்டுக்கு இன்றே நேரில் போய், மேலே சொன்னதை அதே வரிசையில் அவர் போனிலும் செய்ய வையுங்கள். குழுவில் இருக்கும் மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம், அவன் படித்துக்கொண்டிருக்கலாம். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, ஃபைலைத் தொட்டீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.