நம்ம ஊர் ‘பார்ப்போம்’ இங்கே செல்லாது

தம்பி, நீ தொண்டிக்காரன்னு பார்த்ததுமே பதில் எழுதத் தோணுச்சு, நான் பாம்பன். ஜெர்மனி வந்து மூணு மாசம், கத்தி முள்கரண்டி பழகியாச்சு, காலையில ‘மோர்கன்’ சொல்லவும் பழகியாச்சு, ஆனா ஆபீஸ்ல மூஞ்சிக்கு நேரா குறை சொல்றாங்களே, என்னைப் பிடிக்கலையா அண்ணேன்னு கேட்டிருக்கே.

நீ பழகினதெல்லாம் தண்ணிக்கு மேல தெரியுறது, ஒரு ஊர்ப் பழக்கத்துல கண்ணுக்குத் தெரியாதது அடியில கிடக்கு. பாடம் நடத்துறவங்க இதுக்குப் பனிப்பாறையை உதாரணம் காட்டுவாங்க. நமக்கெதுக்குப் பனிப்பாறை? எங்க ஊர்கிட்ட குருசடைத் தீவுப் பக்கம் வள்ளம் ஓட்டுறவங்களுக்குப் பார், அதான் கடலுக்கடியில இருக்கிற பாறைத்திட்டு, எங்கே கிடக்குன்னு தெரியும். புது ஆளுக்கு அடியில தட்டின பிறகுதான் தெரியும்.

எனக்கு முதல் வருஷமே தட்டுச்சு. ஒரு அறிக்கையை வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்க முடியுமான்னு மேலதிகாரியம்மா கேட்டாங்க. முடியாதுன்னு தெரியும். ‘பார்க்கிறேன்’னேன். எங்கப்பாகிட்ட யாராச்சும் கடன் கேட்டு வந்தா ‘பார்ப்போம்’பார், வந்தவரும் புரிஞ்சுக்கிட்டு டீயைக் குடிச்சிட்டு வேற பேச்சுக்குப் போயிடுவார். இந்தம்மா வெள்ளிக்கிழமை காலையில வந்து நின்னாங்க. “முடியாதுன்னு திங்களே சொல்லியிருந்தா வேற ஆளை வச்சிருப்பேனே”ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. மானமே போச்சு எனக்கு. மத்தியானம் அவங்களே வந்து சாப்பிடக் கூப்பிட்டாங்க. எனக்கு ஒரு வாய் இறங்கலை. அவங்க உருளைக்கிழங்கை வெட்டிக்கிட்டே மகளோட நீச்சல் வகுப்பைப் பத்திப் பேசுறாங்க. கோபமே இல்லை! திட்டு வாங்கினது அறிக்கைதான், நான் இல்லை.

எட்வர்ட் ஹால்னு ஒரு அமெரிக்க மானிடவியலாளர் 1976லேயே இதைப் பிரிச்சுச் சொன்னார். சில ஊர்ல சேதி முழுசும் சொல்லுக்குள்ளேயே இருக்கும். சில ஊர்ல ஆளு, இடம், தொனி பார்த்துத்தான் எடுத்துக்கணும். ஜெர்மனி முதல் ரகம். நாம ரெண்டாவது, அதுவும் முத்தின ரகம்.

ராத்திரி 10 மணிக்கு மேல சத்தம் கூடாது, ஞாயித்துக்கிழமை சுவத்துல துளை போடக்கூடாதுங்கிறதெல்லாம் குடியிருப்பு விதித்தாள்லயே இருக்கும், படிச்சுக்கோ. ‘ஸீ’யிலிருந்து ‘டூ’வுக்கு, அதாவது ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு, மாறலாம்னு மூத்தவரோ மேலதிகாரியோதான் முதல்ல சொல்லணும், இதை எந்தத் தாள்லயும் போட மாட்டாங்க. சந்தேகம் வந்தா, ‘குறை என் வேலையிலயா, என்மேலயா’ன்னு நேராவே கேளு. பதிலும் நேராவே வரும்.

ஊருக்குப் போன் பேசும்போது மட்டும் பழைய ‘பார்ப்போம்’ கையில இருக்கட்டும். போன மாசம் மச்சான் பணம் கேட்டப்ப, இங்கத்துப் பழக்கத்துல ‘முடியாது’ன்னுட்டேன். அக்கா இன்னும் என்கிட்ட பேசலை.