போர்டை மாற்றிவிட்டு வழக்குப் போடாதீர்கள்

கேள்வி: கருங்கலில் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்து பிழைக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் நாகர்கோவிலில், சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒரு கடையில் பழைய பிராண்டட் டெஸ்க்டாப் 15,500 ரூபாய்க்கு வாங்கினேன். ‘ஐ5, ஆறாம் தலைமுறை, ஒரு மாசம் வாரண்டி’ என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்பியிருந்தார். பில்லில் ‘பழைய சிபியு 1’ என்று மட்டும்தான் இருக்கிறது. பத்தாம் நாள் 3,200 ரூபாய்க்கு டிடிஆர்4 மெமரி வாங்கிப் போட்டால் ஸ்லாட்டில் உட்காரவே இல்லை. உள்ளே இருந்தது ஐ5-4570, நாலாம் தலைமுறை பிராசஸர். அன்றைக்கே மெசேஜ் போட்டேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. அடிக்கடி ஆஃப் ஆனதால் எஸ்எம்பிஎஸ்ஸையும் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி) மாற்றினேன். விண்டோஸ் 11 ஏறவில்லை. இரண்டு ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. நேரில் போனால், ‘நீ திறந்துட்டே, இனி பேச்சே இல்ல’ என்று ஆள்கள் முன்னால் அவமானப்படுத்தினார். மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் மதர்போர்டையும் பிராசஸரையும் எக்ஸ்சேஞ்சில் மாற்றிவிட்டு, முழுப் பணத்தோடு 1 லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: முதலில் மார்த்தாண்டம் கடைக்குப் போகாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அவமானம், சித்தப்பாவின் முகத்துக்காகப் பொறுத்தது எல்லாம் மனுவில் இரண்டு வரி. மெஷின் அடிக்கடி ஆஃப் ஆனது என்ற புகாரும் நிற்காது. பழுதான எஸ்எம்பிஎஸ் இப்போது எங்கே? மாற்றியவர் எடுத்துப் போயிருப்பார், இல்லாவிட்டால் ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய சாமான் கடைக்குப் போயிருக்கும். விண்டோஸ் 11 பற்றி வாயே திறக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் பட்டியல் பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. சொன்னபடி ஆறைத் தந்திருந்தாலும் அதில் இடமில்லை. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

மிஞ்சுவது ஒன்றுதான். ஆறு என்று எழுதினார், நாலைக் கொடுத்தார். 4570 என்பது 2013-இல் வந்த நாலாம் தலைமுறை; ஆறாம் தலைமுறை 2015-இல்தான் வந்தது. சரக்கின் தரத்தைப் பொய்யாகச் சொல்லி விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(47)-ஆம் பிரிவின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பழைய பொருள் என்பதால் இதற்குச் சலுகை கிடையாது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் அந்தப் பொய் மறையாது.

ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் உங்களிடம் கேட்கப்போவது வேறு: ‘நாங்கள் விற்ற மெஷின் இதுதானா?’ பில்லில் சீரியல் எண் இல்லை. கேபினெட்டை நீங்களே திறந்திருக்கிறீர்கள். ‘ஆறாம் தலைமுறைதான் கொடுத்தோம், இவர் போர்டை எடுத்துவிட்டு நாலைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்’ என்று கடைக்காரர் ஒரு வரி சொன்னால் போதும், நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். பிராண்டட் மெஷினில் கேபினெட்டின் மேல் ஒட்டிய எண்ணும் பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பதிந்த எண்ணும் ஒன்றாக இருந்தால், அந்தப் போர்டு அந்தப் பெட்டியோடு பிறந்தது என்று ஓரளவு காட்டலாம். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதில் ஸ்டிக்கர் எண் தெரிகிறதா? தெரிந்தால் உங்கள் வழக்கு உயிரோடிருக்கிறது. போர்டை எக்ஸ்சேஞ்சில் கொடுத்த அன்றைக்கே அது செத்துவிடும்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. தக்கலைப் பக்கத்து என் வழக்குக் கட்சிக்காரர் ஒருவர் இதையேதான் செய்தார். போர்டு போய்விட்டது என்று வேறு கடையில் மாற்றி, பழையதை 800 ரூபாய்க்குக் கழித்துக்கொண்டார். என்னிடம் வந்தது அதற்குப் பிறகு. கேபினெட்டை ஆட்டோவில் ஏற்றி ஆணையத்துக்கே கொண்டுவந்தார். ‘இதில் எங்கள் கடைப் பொருள் எது?’ என்று எதிர்த்தரப்பு கேட்டபோது, மூடியையும் ஸ்க்ரூவையும்தான் காட்ட முடிந்தது. ஆய்வுக்கு அனுப்பச் சட்டத்தில் வழி இருக்கிறது; அனுப்பப் பொருள் இருக்க வேண்டுமே.

இன்னொன்று. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் 42-ஆம் பிரிவின்படி, விற்றவரின் உரிமைக்கு ஒவ்வாத காரியத்தை அந்தப் பொருளில் செய்தால், நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும். எஸ்எம்பிஎஸ் மாற்றியதை அப்படித்தான் வாதிடுவார்கள். ஏற்றுக்கொண்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய், நஷ்டம் கேட்கும் உரிமைதான் மிஞ்சும். ஆகவே முழுப் பணம் என்ற ஆசையை விடுங்கள். விலை வித்தியாசமும், உட்காராத மெமரியின் பில்லும்தான் உங்கள் கணக்கு. அந்த மெமரியை வாங்கியதே அவர் ‘ஆறு’ என்றதை நம்பித்தான். நீங்கள் சொன்னவற்றில் நேராக நிரூபிக்கக்கூடிய நஷ்டம் அது ஒன்றுதான்.

1 லட்சம் கேட்பதிலும் குழி இருக்கிறது. சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கினீர்கள் என்பதால்தான் நீங்கள் நுகர்வோர். தொகையைக் கூட்ட ‘என் ஸ்டூடியோ, என் வேலையாட்கள், போன வியாபாரம்’ என்று எழுத ஆரம்பித்தால், ‘இது வணிக நோக்கம், இவர் நுகர்வோரே இல்லை’ என்று வாசலிலேயே நிறுத்தப் பார்ப்பார்கள். அப்படி எழுதிக்கொண்டு வருகிறவர்களின் மனுவில் பாதியை வெட்டுவதே எனக்கு வேலை.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசம் பேசுங்கள். இரண்டு வருடக் காலவரம்பு இருக்கிறது, 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆனால் நாகர்கோவிலுக்கு வாய்தா வாய்தாவாகப் பஸ் ஏறும் நாளில் இரண்டு ஆல்பம் முடித்துவிடுவீர்கள். போர்டை அப்படியே வைத்துக்கொண்டு, ஸ்டிக்கர் எண்ணையும் பயாஸ் திரையையும் ஒரே வீடியோவில் எடுங்கள். அந்த வாட்ஸ்அப் உரையாடல் இருக்கும் போனை விற்காதீர்கள். வழக்கென்று வந்தால் மின்னணுச் சாட்சியச் சான்றிதழுக்கு அது வேண்டும். பிறகு ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ்: 6,000 ரூபாய், அல்லது உண்மையான ஆறாம் தலைமுறை மெஷின். சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குத் தெரிந்த கடைதானே, இதற்காவது உதவட்டும். 4,000-க்கு இறங்கி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக் கேட்பார். எழுதிக் கொடுங்கள், பணம் கணக்கில் ஏறிய பிறகு.