கரிக்கணக்கும் நாலு சிலிண்டரும்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

உங்க ரயில் கட்டுரைகள விடாம படிக்கிறவன் நான். எங்க அப்பா மீட்டர் கேஜ் காலத்துல ஃபயர்மேனா சேந்து டிரைவரா ரிட்டயர் ஆனவர், சர்வீஸ்ல பெரும்பகுதி ஒய்பி இஞ்சின்லதான். கொஞ்ச நாள் முன்னாடி 19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு நீராவி இஞ்சின்கள பத்தி ரொம்ப உயர்வா நாலு வரி எழுதியிருந்தீங்க. அதப் படிச்சதுலேருந்து ரெண்டு கேள்வி மனசுல ஓடுது. ரயில் இஞ்சின்ங்கறது இங்கிலாந்துக்காரன் கண்டுபிடிச்சு உலகத்துக்கெல்லாம் வித்தது, பிரான்ஸ்ல அத வாங்கி காப்பி அடிச்சாங்க, அவ்வளவுதானே? அதுல பெருமையா சொல்ல என்ன இருக்கு? இன்னொண்ணு, பிரெஞ்சு இஞ்சின்ல நாலு சிலிண்டர் வச்சாங்கன்னு எழுதியிருந்தீங்க. ரெண்டு சிலிண்டர், எல்லாம் வெளிய கைக்கு எட்டற மாதிரி இருக்கணும், அதான் இஞ்சின், மத்ததெல்லாம் ஷெட்டுக்கு தலைவலின்னு அப்பா சொல்வார். அப்ப அவங்க செஞ்சது வீண் ஆடம்பரம்தானே?

பொண்ணு ஸ்ட்ராஸ்பர்க்ல படிக்கிறா, அடுத்த மாசம் போறோம். அந்தப் பக்கம் பழைய இஞ்சின் ஏதாவது பாக்கக் கிடைக்குமான்னும் சொல்லுங்க.

அன்புடன்,
ஒரு வாசகர் (பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள சார்,

வாங்கினாங்க, அது உண்மைதான். லியோனுக்கும் சேந்த் எத்தியெனுக்கும் நடுவுல லைன் போட்டுட்டிருந்த மார்க் செகேன் 1828-ல இங்கிலாந்துல இருந்த ஸ்டீபன்சன் பட்டறையிலேருந்து ரெண்டு இஞ்சின் வரவழைச்சார். ஆனா வந்த இஞ்சின வச்சு அவர் என்ன செஞ்சார்னு பாருங்க. அப்போ இருந்த பாய்லர்ல தீ போறதுக்கு பெரிய குழாய் ஒண்ணோ ரெண்டோதான், சூடு தண்ணிக்கு ஏறறதுக்குள்ள பாதி சிம்னி வழியா வெளிய போயிடும், அதனால ஆவி பத்தாம இஞ்சின் மூச்சு வாங்கும். செகேன் ஏற்கனவே ரோன் நதியில படகு இழுக்கற ஸ்டீமர் விஷயத்துல இதே பிரச்சனையோட மல்லுக்கட்டிட்டிருந்தவர். ஒரு பெரிய குழாய்க்கு பதிலா நிறைய சின்னக் குழாய் விட்டு, தீயும் புகையும் குழாய்க்குள்ள ஓட, தண்ணி வெளிய சுத்தி நிக்கற மாதிரி ஒரு பாய்லருக்கு 1827 கடைசியில பேடன்ட் கேட்டார், 1828 பிப்ரவரியில கிடைச்சுது. ஸ்டீபன்சனோட ராக்கெட் இஞ்சின் இங்கிலாந்துல ரெயின்ஹில்ங்கற இடத்துல நடந்த இஞ்சின் போட்டியில ஓடினது 1829 அக்டோபர்ல. அதுலயும் இதே ஏற்பாடுதான், அத அவங்க ஹென்றி பூத் சொன்ன யோசனைப்படி தனியா கண்டுபிடிச்சாங்க, யாரும் யாரையும் பாத்து எழுதல. உங்க அப்பா கரி போட்ட ஒய்பி பாய்லர் உள்பட அதுக்கப்புறம் வந்த ரயில் பாய்லர் ஏறக்குறைய எல்லாமே இந்த அமைப்புதான்.

ஸ்டீபன்சன் ஜெயிச்ச இடம் வேற. சிலிண்டர்லேருந்து வெளிய வர்ற ஆவிய சிம்னிக்குள்ள மேல்நோக்கி அடிச்சு அந்த வேகத்துலயே தீக்கு காத்து இழுத்தார், அதனால இஞ்சின் எவ்வளவு உழைக்குதோ அவ்வளவு காத்து தானா கிடைச்சுது. செகேன் டெண்டர் மேல, அதாவது இஞ்சினோட கரியும் தண்ணியும் சுமக்கிற வண்டி மேல, பெரிய விசிறி வச்சு, டெண்டர் சக்கரத்தோட சுழற்சியிலயே அத ஓட்டினார், அப்போ மேட்டுல இஞ்சின் திணறி மெதுவா ஏறும்போது காத்து குறையும், காத்து அதிகமா வேண்டியதே அப்பதான். அதனால அந்த விசிறி நிலைக்கல, குழாய் நிலைச்சுது. இதையும் சொல்லாம செகேன மட்டும் தூக்கிப் பேசினா நியாயம் இல்ல.

காப்பிங்கற சொல்லு பொருந்தாததுக்கு இன்னொரு உதாரணம் க்ராம்ப்டன். தாமஸ் க்ராம்ப்டன் இங்கிலீஷ்காரர்தான், பெரிய ஓட்டுச்சக்கரத்த கரி எரியற ஃபயர்பாக்ஸுக்கும் பின்னாடி கொண்டுபோய் வச்சு, பாய்லர தாழ உக்கார வச்சு, வேகத்துல ஆடாத இஞ்சின் ஒண்ணு யோசிச்சார், ஆனா அவர் ஊர்ல அது பெருசா எடுபடல. பாரிஸ்ல ஷான் ஃப்ரான்ஸுவா காய்ங்கறவரோட பட்டறை 1849-லேருந்து வடக்கு ரயில்வே கம்பெனிக்கு அத கட்டிக் கொடுக்க ஆரம்பிச்சுது. காய் செப்புப் பாத்திரம் அடிக்கற தொழில்லேருந்து வந்து, சர்க்கரை ஆலை மெஷின் செஞ்சு, அதுக்கப்புறம் ரயில் இஞ்சினுக்கு வந்தவர். அடுத்து கிழக்கு ரயில்வேயும் வாங்குச்சு. 1890-ல, அதாவது இந்த டிசைனுக்கு வயசு நாப்பதுக்கு மேல ஆனப்புறம், புது பாய்லர் மாட்டின ஒரு க்ராம்ப்டன் சோதனை ஓட்டத்துல மணிக்கு 144 கி.மீ. தொட்டுது. லெ க்ரூஸோல ஷ்னைடர் சகோதரர்கள் 1838-ல முதல் இஞ்சின் செஞ்சாங்க, 1860-கள் நடுவுல இங்கிலாந்தோட க்ரேட் ஈஸ்டர்ன் ரயில்வேக்கே இஞ்சின் கட்டி அனுப்பற நிலைக்கு வந்துட்டாங்க. முப்பது வருஷம்கூட ஆகல சார்.

ஆனா யார் முதல்லங்கற இந்தப் பந்தயத்த விட எனக்கு முக்கியமா படறது கரி. இங்கிலாந்துல கரி காலடியில கிடந்துச்சு. பிரான்ஸுக்கு தேவையான கரியில கணிசமான பங்கு வெளிநாட்டுலேருந்து வரணும், விலையும் அதிகம். அதனால பிரெஞ்சு இஞ்சினியர் எந்தப் பாகத்த தொட்டாலும் ஒரு கிலோ கரிக்கு எவ்வளவு வேலை வாங்கலாம்ங்கற கேள்விதான் முன்னால நிக்கும். நீராவிங்கற சமாச்சாரத்துல சூடு எப்படி வேலையா மாறுதுன்னு அடிப்படையா முதல்ல கேட்டவர் சாடி கார்னோ, 1824-ல. அத யாரும் அப்ப கவனிக்கல. 1834-ல அத தூசி தட்டி எடுத்து வரைபடத்தோட விளக்கினவர் க்ளாபெய்ரோன், நம்ம பசங்க காலேஜ் பிசிக்ஸ்ல படிக்கிற அதே க்ளாபெய்ரோன். அவர் வெறும் பேப்பர் ஆள் இல்ல, பாரிஸ்லேருந்து சேன் ஜெர்மேன் போற லைன் 1837-ல திறந்துச்சே, அதுல வேலை பாத்த ரயில்வே இஞ்சினியர். பிஸ்டன் முழுசா நகர்ற வரைக்கும் ஆவிய உள்ள விட்டுட்டே இருக்காம, நடுவுலயே அடைச்சு, உள்ள இருக்கறத விரிய விட்டு வேலை வாங்கறதுக்கு வால்வு எப்படி அமையணும்னு மெனக்கெட்டவர். தியரி எழுதின கையே வால்வும் செதுக்குனா எப்படி இருக்கும்! பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில லீ சாட்லியர் தத்துவம் வருதே, அவரோட அப்பா லூயி லீ சாட்லியரும் ரயில்வே ஆள்தான், பிஸ்டனும் ராடும் முன்னும் பின்னும் போறதால இஞ்சின் தலையாட்டறத நிறுத்த சக்கரத்துல எவ்வளவு எடை எங்க வைக்கணும்னு 1849-ல கணக்கு போட்டு புத்தகமா போட்டார்.

கருவிகளும் இந்த வழியில வந்ததுதான். யூஜீன் பூர்தோன் 1849-ல செஞ்ச பிரஷர் கேஜ், வளைஞ்ச தட்டையான குழாய் பிரஷர் ஏறினா நிமிர்றத வச்சு முள்ள நகர்த்தறது, இன்னைக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் தலையில உக்காந்திருக்கறதும் பெரும்பாலும் அதான். ஹென்றி ஜிஃபார் 1858-ல பேடன்ட் எடுத்த இன்ஜெக்டர பத்தி உங்க அப்பா கண்டிப்பா பேசியிருப்பார். அதுக்கு முன்னாடி பாய்லருக்கு தண்ணி அடிக்கிற பம்ப் இஞ்சின் ஓடினாதான் ஓடும், ஸ்டேஷன்ல ரொம்ப நேரம் நின்னு தண்ணி மட்டம் இறங்கிட்டா, தண்ணி ஏத்தறதுக்குன்னே இஞ்சின தனியா கழட்டி முன்னும் பின்னும் ஓட்டணும். ஜிஃபார் அதே பாய்லர் ஆவிய ஒரு சின்ன மூக்கு வழியா விட்டு, அது வேகமெடுத்து பச்சத் தண்ணிய இழுத்துக்கிட்டு, தண்ணியில கலந்து குளுந்து, அந்த வேகம் விரியற குழாய்ல மறுபடி பிரஷரா மாறி, கிளம்பின பாய்லருக்குள்ளயே தண்ணிய தள்ற மாதிரி செஞ்சார். அசையற பம்ப் கிடையாது. தன் பிரஷர தானே எப்படி ஜெயிக்கும்னு அன்னைக்கு இஞ்சினியர்களே நம்பல. இவர் 1852-லயே நீராவி இஞ்சின் மாட்டின பலூன்ல பாரிஸ்லேருந்து பறந்தவர், அது தனிக்கதை.

இப்ப நாலு சிலிண்டர். ஆவி சிலிண்டர்ல விரியும்போது குளுந்துபோகும், சிலிண்டர் சுவரும் அதோட குளுந்துபோகும், அடுத்த தடவ உள்ள வர்ற சூடான ஆவி அந்த குளுந்த சுவர்ல பட்டு கொஞ்சம் தண்ணியாவே மாறிடும், அவ்வளவும் நஷ்டம், பிரஷர் கூடக்கூட நஷ்டமும் கூடும். இதுக்கு வழி, விரியறத ரெண்டு தவணையா பிரிக்கிறது. சின்ன சிலிண்டர்ல ஒரு தடவ வேலை வாங்கிட்டு, அந்த ஆவிய வெளிய விடாம பெரிய சிலிண்டருக்கு அனுப்பி மிச்சத்தையும் வாங்கறது, தேங்காய்ல முதல் பால் எடுத்துட்டு ரெண்டாம் பால் பிழியற மாதிரி. இதுக்குப் பேர்தான் காம்பவுண்ட். கப்பல்ல இது முன்னாடியே வந்துடுச்சு. ரயில்ல உருப்படியா செஞ்சு காட்டினவர் அனதோல் மல்லே, ஜெனிவா பக்கத்துல பிறந்து பிரான்ஸ்ல வேலை பாத்தவர், 1876-ல பயோன் பியாரிட்ஸ் லைனுக்கு லெ க்ரூஸோ பட்டறை கட்டின குட்டி டேங்க் இஞ்சின்ல. ஒரு பக்கம் சின்ன சிலிண்டர், மறுபக்கம் பெருசு. கடற்கரைக்கு குளிக்க போற ஜனங்கள இழுத்த அந்த லைன்ல தொடங்கினது, பின்னாடி அமெரிக்க மலைப்பாதையில ஓடின ராட்சச மல்லே இஞ்சின்கள் வரைக்கும் போச்சு.

பெரிய எக்ஸ்பிரஸுக்கு அத கொண்டுவந்தது ரெண்டு பேர். வடக்கு ரயில்வேல கஸ்தோன் து பூஸ்கே, அல்சேஸ் இஞ்சின் கம்பெனியில ஆல்ஃப்ரெட் டி க்ளென், இவர் இங்கிலாந்துல பிறந்தவர். 1870-71 போர்ல அல்சேஸ் ஜெர்மனி கைக்கு போயிடுச்சு, அந்தக் கம்பெனியோட தாய்ப் பட்டறை திடீர்னு வேற நாட்டுல, அதனால பிரெஞ்சு ஆர்டருக்காக எல்லைக்கு இந்தப் பக்கம் பெல்ஃபோர்ல புதுப் பட்டறை வச்சாங்க. (அதே பெல்ஃபோர் வழியா வந்த கம்பெனிதான் பின்னாடி அல்ஸ்டாம், நம்ம சென்னை மெட்ரோல முதல் கட்ட ரயில்கள் அவங்க செஞ்சது.) 1886 வாக்குல வடக்கு ரயில்வேயோட 701-ஆம் நம்பர் நாலு சிலிண்டர் காம்பவுண்டா ஓடுச்சு, அதுல ரெண்டு ஓட்டு ஆக்ஸிலையும் ராட் போட்டு இணைக்கல. 1891-ல இணைச்சு, முன்னாடி போகி, அதாவது வளைவுல திரும்பற சின்னச் சக்கர வண்டி, வச்சு, முழு உருவத்துக்கு கொண்டுவந்தாங்க. ஹை பிரஷர் ஜோடி வெளிய, பின் ஆக்ஸிலுக்கு. லோ பிரஷர் ஜோடி உள்ள, முன் ஆக்ஸிலுக்கு. விசை ரெண்டு ஆக்ஸிலுக்கு பிரிஞ்சு போறதால எந்த ஒரு பாகத்துக்கும் பாரம் அதிகமில்ல. பிஸ்டன்கள் எதிரும் புதிருமா போறதால ஆட்டமும் கம்மி. 1842 மே 8-ல பாரிஸுக்குப் பக்கத்துல மெதோன் கிட்ட முன் இஞ்சினோட ஆக்ஸில் உடைஞ்சு, பூட்டின பெட்டிக்குள்ள அம்பதுக்கு மேல பேர் தீயில செத்துப்போன நாட்டுல, ஆக்ஸிலுக்கு வர்ற பாரத்த குறைக்கறது சின்ன விஷயம் இல்ல சார்.

அப்பா சொன்ன தலைவலி இருந்துச்சா? இருந்துச்சு. ஆனா டிரைவருக்கு கிடைச்சது என்னன்னு பாருங்க. ஹை பிரஷருக்கும் லோ பிரஷருக்கும் ஆவி அடைப்பு தனித்தனியா வச்சுக்கலாம், கிளம்பும்போது பெரிய சிலிண்டருக்கு நேரடியா புது ஆவி கொடுக்கலாம், ஒரு ஜோடி கெட்டுப்போனா மறு ஜோடியில வண்டிய கொண்டு சேக்கலாம். இத்தனையும் கையில கொடுக்கணும்னா அந்தக் கைய நம்பணும். அங்க டிரைவர்கள் பெரும்பாலும் பட்டறையில ஃபிட்டரா வேலை கத்துட்டு வந்தவங்க, ஒரு இஞ்சினுக்கு ஒரே ஜோடி ஆளுங்க, மிச்சம் பண்ற கரிக்கு போனஸும் உண்டு. அந்த ஆள் இல்லாம அந்த இஞ்சின் இல்ல. இத ஆடம்பரம்னு சொல்ல எனக்கு மனசு வரல.

அப்பா சொன்னதும் அவர் காலத்துக்கு சரிதான். 1890-களோட கடைசியில பிரஷ்யால ஷ்மிட் சூப்பர்ஹீட்டர் கொண்டுவந்தார், ஆவிய இன்னும் சூடாக்கி அனுப்பினா அது சுவர்ல தண்ணியாகறது பெருமளவு நின்னுடும், ரெண்டு சிலிண்டர்லயே நல்ல மிச்சம் கிடைக்கும். ஒய்பில சூப்பர்ஹீட்டர் உண்டு, அதான் அப்பாவுக்கு நாலு சிலிண்டர் தேவைப்படல. இங்கிலாந்துல க்ரேட் வெஸ்டர்ன் ரயில்வேயோட சர்ச்வார்ட் 1903-ல ஒரு டி க்ளென் இஞ்சின வாங்கி ஓட்டிப் பாத்தார், தன்னோட சாதா இஞ்சினும் அதே அளவு பிரஷர்ல சமமா நிக்குதுன்னு காம்பவுண்ட விட்டுட்டார், ஆனா போகி அமைப்பையும் விசைய ரெண்டு ஆக்ஸிலுக்கு பிரிக்கறதையும் எடுத்துக்கிட்டார். அவர விட நேர்மையான பரீட்சை அந்த இஞ்சினுக்கு வேற யாரும் வச்சதா நான் நினைக்கல. காம்பவுண்ட் எப்படி இருக்கும்னு நம்ம ஊர்லயே பாக்கணும்னா மேட்டுப்பாளையம் போங்க, ஊட்டி ரயிலோட எக்ஸ் கிளாஸ், முதல்ல சுவிட்சர்லாந்து விண்டர்தூர்ல கட்டினது. ஹை பிரஷர் சிலிண்டர் சாதா சக்கரத்தையும், பல் தண்டவாளம் வந்ததும் லோ பிரஷர் சிலிண்டர் பல்சக்கரத்தையும் ஓட்டும்.

ஸ்ட்ராஸ்பர்க்லேருந்து முலூஸ் ரயில்ல ஒரு மணி நேரந்தான், அங்க பெரிய ரயில் மியூசியம் இருக்கு, தவறவிடாதீங்க. ரூவான் பக்கம் பட்டறை போட்ட பட்டிகாம்ங்கற இங்கிலீஷ்காரர் 1844-ல கட்டின சேன் பியேர், காய் 1852-ல கட்டின 80-ஆம் நம்பர் க்ராம்ப்டன், ரோன் பள்ளத்தாக்குல மிஸ்ட்ரால் காத்த கிழிக்க மூக்கு கூரா செஞ்ச பி.எல்.எம். (பாரிஸ்-லியோன்-மெடிட்டரேனியன்) கம்பெனியோட சி 145, து பூஸ்கேயும் டி க்ளெனும் சேந்து செஞ்ச அட்லாண்டிக் வகையில 2.670, எல்லாம் அங்கதான். கடைசியா சொன்னதுல வெளி சிலிண்டர பாத்துட்டு வந்துடாதீங்க, முன்னாடி குனிஞ்சு ஃப்ரேமுக்கு நடுவுல பாருங்க, பெரிய ஜோடி உள்ள இருக்கும். க்ராம்ப்டன்ல பொண்ண ஓட்டுச்சக்கரத்துக்கு பக்கத்துல நிக்க வச்சு ஒரு ஃபோட்டோ எடுங்க, சக்கரம் அவள விட உயரமா இருக்கும். முடிஞ்சா எனக்கும் அனுப்புங்க.

அன்புடன்.