அடுத்த கவுன்டர்

கேள்வி: பிரேசில் கோல்கீப்பர் ரொஜேரியோ செனி 131 கோல்கள் அடித்தார் என்று புகழ்கிறார்கள். கோல்போஸ்டில் நின்று தம் வேலையை ஒழுங்காகப் பார்த்திருந்தால், தேசிய அணியில் நிரந்தர இடம் பிடித்திருக்கலாம் அல்லவா?

பதில்: ‘ஒழுங்காக’ என்று தாங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வங்கிதான் நினைவுக்கு வந்தது. சலான் எழுதி, முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, கடைசியில் கண்ணாடித் துவாரத்தை எட்டியதும், தலை நிமிராமல் “அடுத்த கவுன்டர்” என்று சொல்கிறாரே ஓர் ஊழியர், அவர் தம் வேலையை ஒழுங்காகத்தான் பார்க்கிறார். அடுத்த கவுன்டரில் இருக்க வேண்டியவர் சாப்பிடப் போயிருப்பார். ஒரு மணிக்குச் சாப்பிடுவதும் ஒழுங்குதான்.

செனியும் இளமையில் சினோப் என்ற ஊரில் வங்கி வேலை பார்த்தவர் என்று அறிந்தபோது, அந்த ஊர் வாடிக்கையாளர்களுக்காக வருந்தினேன். வரவுக் கவுன்டரில் உட்கார்ந்திருந்தாலும், எழுந்துபோய்ப் பட்டுவாடாவையும் முடித்துவிட்டு வந்து உட்காரக்கூடிய ஒரே ஆளை அவர்கள் 1990-இல் சாவோ பாவ்லோ கால்பந்து கிளப்பிடம் பறிகொடுத்துவிட்டார்கள். அங்கே செட்டி என்ற மூத்த கோல்கீப்பருக்குப் பின்னால் சில ஆண்டுகள் காத்திருந்த செனி, பயிற்சியாளர் முரிசி ரமாலியோவின் ஒப்புதலோடு, 1997 பிப்ரவரி 15 அன்று ஃப்ரீ கிக்கில், அதாவது எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் உதையில், தம் முதல் கோலை அடித்தார். உதைத்த பந்து, எதிரணி வீரர்கள் வரிசையாக நின்று எழுப்பும் தடுப்புச் சுவரில் பட்டுத் திரும்பினால், காலியாகக் கிடக்கும் தம் கோல்போஸ்டை நோக்கி மைதானத்தின் நீளத்தையே ஓடிக் கடக்க வேண்டும் என்பது தெரிந்தும் போனவர் அவர்.

காவலில் கோட்டைவிட்டாரா என்பதற்கு ஓர் ஆட்டமே போதும். 2006 ஆகஸ்ட் 20 அன்று க்ரூசேய்ரோ அணியிடம் இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்த நிலையில், ஒரு பெனால்டியைத் தடுத்தார். பிறகு ஃப்ரீ கிக்கில் ஒன்றும் பெனால்டியில் ஒன்றுமாக இரண்டு கோல்கள் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். அந்த இரண்டில்தான் பராகுவேயின் சிலாவெர்ட் வைத்திருந்த கோல்கீப்பர் கோல் சாதனையையும் தாண்டினார். அதற்கு முந்தைய டிசம்பரில், யோகோஹாமாவில் லிவர்பூலை 1-0 என்று வென்ற உலகக் கிளப் இறுதியாட்டத்தில், ஜெரார்டின் ஃப்ரீ கிக்கைப் பாய்ந்து தள்ளிவிட்டுத் தொடரின் சிறந்த வீரர் விருதைப் பெற்றவரும் இவரே.

தேசிய அணிக்கு வருவோம். 2002 உலகக் கோப்பையில் மார்கோஸ் இருந்தார், 2006 உலகக் கோப்பையில் டிடா இருந்தார். இருவரும் சாதாரண ஆட்கள் அல்லர், கோல்போஸ்டிலோ ஒருவர்தான் நிற்க முடியும். உலகக் கோப்பையில் செனிக்குக் கிடைத்தது 2006-இல் ஜப்பானுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசிச் சில நிமிடங்கள். உலகக் கோப்பையை வைத்தே ஒருவரின் வாழ்நாள் உழைப்பை எடைபோடும் வழக்கத்தோடு இந்தப் பக்கத்தில் நான் பலமுறை மல்லுக்கட்டியிருக்கிறேன்; தங்களோடும் கட்டுகிறேன். 2015-இல் 42 வயதில் கையுறையைக் கழற்றும்வரை, அவர் 25 ஆண்டுகள் ஒரே கிளப்பில் 1,200-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். இவ்வளவு நிரந்தரமான இடம் வங்கியில்கூடக் கிடையாது. அங்கே மூன்றாண்டுக்கு ஒருமுறை இடமாற்றம் உண்டு.