‘ஆரம்பநிலைதானே?’ – வாசகர் கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

நான் கொருக்குப்பேட்டையில் வசிக்கிறேன். வயது 43. ஆறு ஆண்டுகளாகத் தினமும் காலையில் ஆசனங்கள் செய்துவருகிறேன். ஏற்றுமதித் துணி நிறுவனத்தில் பார்த்துவந்த தையல் வேலையைச் சென்ற ஆண்டு விட்டுவிட்டேன். எங்கள் தெருப் பெண்கள் சிலர் மொட்டைமாடியில் தங்களுக்கும் சொல்லித்தரும்படி கேட்கிறார்கள். பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். முழங்கால் வலி, சர்க்கரை, பிரஷர் எல்லாம் உண்டு. சான்றிதழ் பெற்றபின் தொடங்கலாம் என்று விசாரித்தேன். ஓரிடத்தில் 25 நாளில் 200 மணி நேரம் முடித்து, வெளிநாட்டிலும் செல்லுபடியாகும் சான்றிதழ் தருவதாகச் சொல்கிறார்கள். இன்னோரிடத்தில் சனி, ஞாயிறு மட்டும் ஆறு மாதம் நடத்தி மத்திய அரசின் தேர்வுக்குத் தயார் செய்கிறார்கள். எதில் சேரலாம்? எனக்குச் சிரசாசனம் வராது, சக்கராசனமும் அரைகுறைதான். “ஆரம்பநிலைப் பயிற்றுநர்தானே, இது போதும்” என்கிறார் என் கணவர். போதுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரி. சிரசாசனம் வராதது ஒரு குறையே அல்ல. ஆனால் அந்த ‘தானே’வைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் சான்றிதழ். நம் நாட்டில் யோகா கற்பிக்க உரிமம் வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. விருப்பமுள்ளவர்கள் பெறுவதுதான் இது. ஆயுஷ் அமைச்சகத்தின் கீழுள்ள யோகா சான்றளிப்பு வாரியம் பயிற்றுநர்களுக்கு வைத்திருக்கும் படிகளில், நீங்கள் குறிப்பிடும் ஆரம்பநிலைப் பயிற்றுநர், அதாவது ‘யோகா புரோட்டோகால் இன்ஸ்ட்ரக்டர்’ என்பதற்கு 200 மணி நேரப் பாடத்திட்டம்; அதற்கு மேலே 400, 800, 1600 என்று போய், உச்சியில் இருப்பவருக்குத்தான் ‘யோகா மாஸ்டர்’ என்று பெயர். (நம் பகுதியிலோ டீ போடுபவரும் குத்துச்சண்டை கற்பிப்பவரும் மாஸ்டர்தான் என்பதால், முதல் வகுப்பிலேயே உங்களுக்கும் அந்தப் பட்டம் கிடைத்துவிடும்.) எந்த நிலையத்திலும் சேராமல், சொந்தமாகப் படித்தும் இந்தத் தேர்வுக்கு அமரலாம். எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. செய்முறையில் நீங்கள் செய்வதை மட்டுமன்றி, சொல்லிக்கொடுப்பதையும் பார்ப்பார்கள்.

வெளிநாட்டுச் சான்றிதழ் என்று அவர்கள் சொல்வது அநேகமாக அமெரிக்காவின் யோகா அலையன்ஸ் சார்ந்ததாக இருக்கும். 1999இல் தொடங்கிய அந்த அமைப்பு, தன் அளவுகோலுக்கு உட்பட்ட பள்ளிகளையும் அங்கே பயின்றவர்களையும் பதிவு செய்துகொள்ளும் ஓர் ஏடு. எந்த அரசும் அளிக்கும் உரிமம் அன்று. இரண்டிலும் 200 மணி நேரம் என்னும் எண் ஒன்றாக இருப்பதால் பலரும் குழம்புகிறார்கள். கொருக்குப்பேட்டை மாடியில் கற்பிக்க அது தேவைப்படாது.

இந்த முதல்படியின் அடித்தளம் பொது யோகா நெறிமுறை. 2015 ஜூன் 21இல் நடந்த முதல் சர்வதேச யோகா தினத்துக்காகத் தொகுக்கப்பட்டு, பின்னர் விரிந்து இப்போது ஏறக்குறைய 45 நிமிடம் நீளும் பயிற்சி அது. கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் ஆகியவற்றைத் தளர்த்திய பின் தாடாசனம், விருட்சாசனம், திரிகோணாசனம் என்று நின்றும், வஜ்ராசனம், வக்கிராசனம் என்று அமர்ந்தும், புஜங்காசனம், சலபாசனம் என்று குப்புறக் கிடந்தும், சேதுபந்தாசனம், பவனமுக்தாசனம் என்று மல்லாந்தும் செய்து, சவாசனத்துக்குப் பின் கபாலபாதி, நாடிசோதனம், சீதளி, பிராமரி, தியானம் என்று முடியும். சிரசாசனம் அதில் இல்லை. நீங்கள் பல ஆண்டுகளாகச் செய்துவருபவை பெரும்பாலும் இவையாகவே இருக்கும்.

இனி அந்த ‘தானே’. ஆரம்பநிலை என்னும் சொல் பயிற்றுநரின் படியைக் குறிக்கிறதே தவிர, அவர் முன் வந்து உட்காரும் உடல்களைக் குறிப்பதில்லை. 800 மணி நேரம் பயின்ற ஆசிரியரிடம் போகிறவர், மூச்சு எங்கே நிற்கிறது, எந்த வலி இழுவை, எந்த வலி ஆபத்து என்று ஓரளவு அறிந்தவராக இருப்பார். உங்களிடம் வரப்போகிறவர்களோ, வருடக்கணக்காகக் குடம் சுமந்து தேய்ந்த முழங்காலோடும், மாத்திரை போட மறந்த இரத்த அழுத்தத்தோடும், எப்போதோ செய்துகொண்ட அறுவைச் சிகிச்சையைக் கேட்டால் மட்டுமே சொல்லும் கூச்சத்தோடும் வருவார்கள். கடினமான மாணவர்களை மிகக் குறைந்த பயிற்சி பெற்றவரிடம் அனுப்பும் ஏற்பாடு இது. எனக்கு இது தலைகீழாகவே படுகிறது. ஆனால் நடைமுறை அப்படித்தான்.

நான் பயின்ற நிலையத்தில் ஆசனங்களை நன்றாகச் செய்யவைத்தார்கள். பிறருக்குக் கற்பிக்கும்படி ஒருநாளும் நிறுத்தவில்லை. பெரம்பூரில் ஒரு குடியிருப்பில் நான் எடுத்த முதல் வகுப்பில், குப்புறப் படுத்து மார்பை உயர்த்திய பெண்மணி ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். நான்கு மாதத்துக்கு முன் அவருக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. பெரிய தீங்கு எதுவும் நேரவில்லை என்பது என் நல்வினை. எதிரே நின்று “வலது கை” என்று சொல்லும்போது ஆசிரியர் தம் இடது கையை உயர்த்த வேண்டும் என்பதையும் அன்றுதான் கற்றேன். பாதிப் பேர் என்னைப் பார்த்துத் தவறான கையைத் தூக்கியிருந்தார்கள்.

ஆகவே எந்த நிலையத்திலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 200 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் நான் பிறருக்குக் கற்பிப்பேன், அதை யார் உட்கார்ந்து பார்த்துத் திருத்துவார் என்பதே. அதற்குத் தெளிவான விடை வராவிட்டால் கட்டணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். 25 நாள் என்றால் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம். உடல் தாங்கினாலும், கற்றதை ஒருவரிடம் சொல்லிப் பார்த்து, தடுமாறி, மறுநாள் வந்து கேட்க இடைவெளி இருக்காது. வாரம் எட்டு மணி நேரமாக 25 வாரம் நடக்கும் வகுப்பில், திங்கள் முதல் வெள்ளி வரை உங்கள் தெருவே உங்களுக்குப் பள்ளிக்கூடம் ஆகும். நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

எதைச் செய்யவைப்பது என்பதைவிட யாருக்கு எதைத் தவிர்ப்பது என்பதை அதிகம் படியுங்கள். இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கபாலபாதி கூடாது. முழங்கால் வலி உள்ளவருக்கு வஜ்ராசனம் வேண்டாம், நாற்காலி போதும். சீதளியில் வாயால் மூச்சை இழுப்பதால் மூக்கின் வடிகட்டல் இல்லாமல் போகிறது. மணலி, எண்ணூர்ப் பக்கத்துக் காற்றில் புகை நெடி தெரியும் நாட்களில் அதை நான் விட்டுவிடுவேன். இந்தப் புகை நெடியைப் பற்றித் தேர்வில் கேட்கமாட்டார்கள்.

1930களில் மைசூர் அரண்மனையில் சிறுவர்களுக்குத் துள்ளிப் பாயும் ஆசனங்களைக் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார், 1950களில் சென்னைக்கு வந்தபின் ஒவ்வொருவரின் வயதுக்கும் நோய்க்கும் ஏற்றபடி தனித்தனியே மாற்றிக் கற்பித்தார். உங்கள் மாடிக்கு இந்தச் சென்னைக்காலக் கிருஷ்ணமாச்சாரியார்தான் வழிகாட்டி.

ஓர் எல்லையும் உண்டு. சர்க்கரையைக் குணப்படுத்துவதாகச் சொல்லாதீர்கள். மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்பவரை மருத்துவரிடம் அனுப்புங்கள். யோகா சிகிச்சைக்கு வாரியமே தனிப் படிகள் வைத்திருக்கிறது. அரும்பாக்கம் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியில் அதற்கு ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பே இருக்கிறது.

சேர்வதற்கு முன் அந்த வார இறுதி வகுப்பு ஒன்றை ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஆசிரியர் மாணவர்களைப் பார்க்கிறாரா, தம் ஆசனத்திலேயே இருக்கிறாரா என்று கவனியுங்கள். மாடி வகுப்பைக் காலை ஆறு மணிக்குள் தொடங்குங்கள். ஏழரைக்குத் தளம் சுட ஆரம்பித்துவிடும். தண்ணீர் லாரி வரும் நாளில் பாதிப் பேர் வரமாட்டார்கள், அதற்காக வருத்தப்படாதீர்கள்.