மருந்துக்கடை அரபு: மஸ்கட்டுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

மஸ்கட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது என்றும், அதன் ரூவிப் பகுதியில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருப்பதாகவும், நாளுக்கு இருபது அரபுச் சொற்களைக் குறிப்பேட்டில் எழுதி உருப்போட்டும் வாரக் கடைசியில் இரண்டோ மூன்றோதான் மிஞ்சுகின்றன என்றும் எழுதியிருந்தீர்கள். சிறு வயதில் மதரஸாவில் ஓதக் கற்றதால் எழுத்தைப் படிக்க முடிகிறது, பொருள்தான் தெரியவில்லை என்றும், கடைக்கு வருகிறவர்கள் பேசுவது வாங்கிய புத்தகத்தில் இருப்பதுபோல் இல்லை என்றும் சொல்லி, ஒருவேளை தமக்கு ஞாபகசக்தியே குறைவோ என்று கேட்டிருந்தீர்கள். நான் இதே ஊரில் இதே தொழிலில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். உங்கள் ஞாபகசக்தியில் ஒரு குறையும் இல்லை. நாளுக்கு இருபது என்ற கணக்கும், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத சொற்களைத் தனித்தனியே எழுதி அடுக்கும் முறையும்தான் கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன், உங்களைவிட மோசமாக. எனக்கு அரபு எழுத்தே தெரியாது. காதில் விழுந்ததை எல்லாம் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வேன். இருமல் மருந்துப் பாட்டிலின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று உடன் வேலை செய்த சூடானியர் ஒருவரிடம் கேட்டு, ‘ஸுஆல் – இருமல்’ என்று எழுதிவைத்திருந்தேன். ஒரு நாள் மாலை பெரியவர் ஒருவர் வந்து, கைத்தடியைக் கவுண்டரில் சாய்த்து வைத்துவிட்டு, ‘இந்தீ ஸுஆல்’ என்றார். தெரிந்த சொல் ஒன்று காதில் விழுந்த பூரிப்பில் நான் இருமல் மருந்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, இருமல் எல்லாம் இல்லை என்பதுபோல் தம் நெஞ்சைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். ‘ஒரு கேள்வி இருக்கிறது’ என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். கேள்வி என்னும் சொல்லின் நடுவில் இருப்பது ஹம்ஸா என்னும் எழுத்து. இருமலின் நடுவில் இருப்பது அய்ன். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அந்தக் கேள்விச் சொல்தான் உருது வழியாக நம்மிடம் வந்து ‘சவால்’ ஆகியிருக்கிறது என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே உறைத்தது. அன்றைக்கே அது தெரிந்து, ‘சவால் என்றால் கேள்வி’ என்று மனத்தில் முடிச்சுப் போட்டிருந்தால் அந்தச் சொல் என்னை விட்டுப் போயிருக்காது, பெரியவருக்கும் இருமல் மருந்தை நீட்டியிருக்க மாட்டேன்.

இந்த இடத்தில் உங்கள் கையில் இருக்கும் மூலதனத்தை நீங்கள் உணரவில்லை என்று நினைக்கிறேன். ஓதக் கற்ற நாவுக்கு அய்னும் ஸாதும் காஃபும் தனித்தனியே வரும். இதயத்தைக் குறிக்கும் ‘கல்ப்’ என்பதற்கும் நாயைக் குறிக்கும் ‘கல்ப்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு தொண்டையில் எங்கே பிறக்கிறது என்று உங்கள் உஸ்தாத் பிரம்பை வைத்துக்கொண்டே சொல்லிக் கொடுத்திருப்பார்; எனக்கு அது பிடிபட இரண்டு ஆண்டுகள் ஆயின. ஆகவே தமிழ் எழுத்தில் அரபுச் சொல்லை எழுதும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அரபு எழுத்திலேயே, ஸபர், ஸேர், பேஷ் என்னும் உயிர்க்குறிகள் எல்லாம் இட்டு எழுதுங்கள். மருந்து அட்டையிலும் செய்தித்தாளிலும் அந்தக் குறிகள் இருக்கமாட்டா. அய்ன், லாம், மீம் என்ற மூன்று எழுத்து மட்டும் நின்றால் அது அறிவாகவும் இருக்கலாம், கொடியாகவும் இருக்கலாம், ‘கற்பித்தான்’ என்னும் வினையாகவும் இருக்கலாம். குறியில்லாமல் எழுதி வைத்தால் அடுத்த வாரம் உங்கள் எழுத்தை நீங்களே தவறாகப் படிப்பீர்கள்.

பொருள் தெரியாது என்கிறீர்களே, அதுவும் முழு உண்மை இல்லை. குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவில் தினமும் சொல்லும் ‘யவ்ம்’ என்னும் நாள்தான், மருந்துப் பெட்டியில் ‘யவ்மிய்யன்’ என்று, நாள்தோறும் என்ற பொருளில், அச்சாகியிருக்கிறது. அதே சூராவின் கடைசி வசனத்தில் வரும் ‘கைர்’ என்பதைத்தான், ‘இது வேண்டாம், வேறு இருக்கிறதா’ என்று கேட்கும் வாடிக்கையாளர் பேச்சில் ‘கேர்’ என்று உச்சரிக்கிறார். ஓதும்போது ஒரு சொல்லைப் பிடித்துவைத்து, கடையில் அது எங்கே தட்டுப்படுகிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

தமிழிலேயே நாம் சுமந்துகொண்டிருக்கும் அரபுச் சொற்களும் அதே அளவுக்கு உதவும். அவை பாரசீகமும் உருதும் தாண்டி, பெரும்பாலும் அரசு அலுவலகமாகிய கச்சேரி வழியாகவும் வரிவசூல் வழியாகவும் நம்மிடம் வந்தவை. வசூல் என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் நீங்கள் இறங்கியதும் தலைக்கு மேல் இருந்த பலகையில் ‘அல்வுஸூல்’ என்று இருந்திருக்கும். வருகை என்று பொருள். பணம் வந்து சேர்வது நமக்கு வசூல், ஆள் வந்து சேர்வது இவர்களுக்கு வுஸூல். வாவ், ஸாத், லாம் என்ற அதே மூன்று எழுத்திலிருந்துதான் பணம் கட்டியதும் கொடுக்கும் ரசீதுக்கு ‘ஈஸால்’ என்ற பெயரும், வீட்டுக்கே மருந்து கொண்டுவந்து தருவதற்கு ‘தவ்ஸீல்’ என்ற பெயரும், ரூவியில் நீங்கள் ஏறும் சிவப்புப் பேருந்தின் மேல் எழுதியிருக்கும் ‘முவாஸலாத்’ என்பதும் பிறந்திருக்கின்றன. நான்கும் சேர்ப்பது அல்லது சேர்வது. இந்த நான்கையும் தனித்தனியே நான்கு நாளில் மனப்பாடம் செய்தால் நான்கும் போய்விடும். ஒரே அட்டையில், நடுவில் மூன்று எழுத்தையும் சுற்றிலும் நான்கு சொல்லையும் எழுதினால், ஒன்று மறந்தாலும் மற்ற மூன்றும் அதை இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

அய்ன், மீம், லாம் என்பது இன்னொரு குடும்பம். ‘அமல்’ என்றால் வேலை. சட்டம் அமலுக்கு வந்தது என்று நாம் எழுதுவது இதுதான். ‘ஆமில்’ தொழிலாளி. விசா, அட்டை, அனுமதி என்று எதற்காக அலைந்தாலும் காதில் விழும் ‘முஆமலா’ என்பது அலுவல் நடைமுறையையும் அதற்கான காகிதக் கட்டையும் குறிக்கும். நம் ஊரில் மேசைக்கு அடியில் கைமாறும் ‘மாமூல்’ கூட இந்த வீட்டுப் பிள்ளைதான். ஆனால் இங்கே பெருநாள் சமயத்தில் யாராவது ‘மஅமூல்’ என்று சொல்லித் தட்டை நீட்டினால் அஞ்ச வேண்டாம். அது பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட பிஸ்கட்டு. இப்படிப் பொருள் தடம் மாறிப்போன சொற்கள் பல உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நமக்கு ‘ரத்து’ என்றால் நீக்கம். இவர்களுக்கு ‘ரத்’ என்றால் பதில், அல்லது திருப்பிக் கொடுத்தல். ‘ஆஜர்’ மட்டும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது: ஒரு வேலை சொன்னால் ‘ஹாளிர்’ என்று பதில் சொல்லிப் பாருங்கள், கேட்பவர் முகம் மலர்ந்துவிடும்.

இப்படி ஒரு குடும்பத்துச் சொற்களுக்கெல்லாம் அடியாக நிற்கும் மூல எழுத்துகளின் ருசி பிடித்தவுடன், எல்லாச் சொல்லையும் நாமே வார்த்துவிடலாம் என்ற ஆசை வரும். எனக்கும் வந்தது, ஹன்ஸ் வேரின் அரபு அகராதியை வாங்கி, ஒவ்வொரு மூலத்தின் கீழும் இருந்ததை எல்லாம் எழுதத் தொடங்கினேன். 1952இல் ஜெர்மனிலும் 1961இல் ஆங்கிலத்திலும் வந்த அந்த அகராதி அகர வரிசையில் சொற்களை அடுக்காமல் மூல எழுத்துகளின் கீழ் அடுக்கியிருப்பதால், தேடுவதற்கு அதைவிட நல்ல துணை இல்லை. மனப்பாடத்துக்கு அது உதவாது. வாழ்க்கையில் எதிர்ப்படாத சொல் அட்டையில் ஏறக் கூடாது என்று பிறகு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். குடும்பத்தில் ஓர் உறுப்பினரைத் தெருவில் சந்தித்த பிறகே அட்டையில் அவருக்கு இடம்.

அட்டையில் பெயர்ச்சொல்லை எழுதினால் பன்மையையும் சேர்த்தே எழுதுங்கள், ஏனென்றால் அரபில் பன்மை பெரும்பாலும் சொல்லின் வயிற்றையே கலைத்துவிடும்: மருந்து ‘தவா’, மருந்துகள் ‘அத்வியா’; நோயாளி ‘மரீள்’, நோயாளிகள் ‘மர்ளா’. இன்னும் நல்லது, சொல்லைத் தனியே எழுதாமல் நீங்கள் வாயால் சொல்லும் தொடராகவே எழுதுவது. ‘ஹப்பதேன் பஅத் அல்அக்ல்’, சாப்பிட்ட பின் இரண்டு மாத்திரை. அந்த ‘ஏன்’ என்னும் ஈறே இரண்டைக் காட்டிவிடும், தனியாக எண் வேண்டியதில்லை என்பதை இலக்கணப் புத்தகத்தின் இருமைப் பாடத்தைப் பத்து முறை படித்தும் நான் உணரவில்லை. நாளுக்கு நாற்பது முறை ‘ஹப்பதேன்’ என்று சொல்லித்தான் உணர்ந்தேன்.

இனி மறக்காமல் வைத்துக்கொள்ளும் முறை. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். கற்ற உடனே மறதி வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது என்பது அவர் கண்டது. இதைக் கொண்டு, மறக்கப்போகும் நேரத்தில் ஒரு தட்டுத் தட்டி எழுப்பும் முறையை செபாஸ்டியன் லைட்னர் 1972இல் பெட்டிகளாக அமைத்துக் காட்டினார். நான் செய்தது காலி மருந்துப் பெட்டி ஐந்தை மேலிருக்கும் அலமாரியில் வரிசையாக வைத்ததுதான். அட்டைகளும் மருந்துப் பெட்டியைக் கிழித்தவை, ஒரு புறம் வெறுமையாக இருக்குமே, அது. புதுச்சொல் முதல் பெட்டியில். அதைத் தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டாவது பெட்டிக்குப் போகும், அதை மூன்று நாளுக்கு ஒருமுறை எடுப்பேன். மூன்றாவது வாரம் ஒருமுறை, நான்காவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவது மாதம் ஒருமுறை. தவறிவிட்டால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் மீண்டும் முதல் பெட்டிதான். கைப்பேசியில் ‘அன்கி’ என்ற செயலி இதே வேலையைத் தானே கணக்கிட்டுச் செய்கிறது, விரும்பினால் அதை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அட்டை கையில் அழுக்காவது பிடிக்கும். எதுவானாலும் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து அரபைச் சொல்லுங்கள், வாய்விட்டு. அரபைப் பார்த்துத் தமிழைச் சொல்வது எளிது, அது தெரிந்துவிட்டது என்ற மயக்கத்தைத் தரும். மதியம் ஒரு மணிக்குக் கடை அடைத்து நான்கு மணிக்குத் திறக்கும் இடைவெளியில் கால் மணி நேரம் போதும். நாளுக்குப் புதிது ஐந்துக்கு மேல் வேண்டாம். மூன்று மாதத்தில் அதுவே நானூற்றைம்பது ஆகிவிடும், மருந்துக்கடைக்கு அது தாராளம்.

புத்தக அரபும் கடை அரபும் ஒன்றாக இல்லை என்பது உங்கள் காதின் குற்றம் இல்லை. ‘இப்போது’ என்பதைப் புத்தகம் ‘அல்ஆன்’ என்கிறது, ஓமானியர் ‘அல்ஹீன்’ என்பார், கிளினிக்கில் இருக்கும் எகிப்திய மருத்துவர் ‘தில்வஅத்தி’ என்பார். தலைவலிக்குப் பெட்டியில் ‘ஸுதாஅ’ என்று இருக்கும்; வந்து நிற்பவர் ‘ராஸி யிஅவ்விர்னி’ என்பார். ஓமானின் உள்நாட்டு நகரமான நிஸ்வாப் பக்கத்துப் பெரியவர்கள் ஜீமை ஜகரமாக உச்சரிப்பதில்லை. ஒட்டகமாகிய ‘ஜமல்’ அவர்கள் வாயில் ‘கமல்’ என்று கேட்கும். நான் அட்டையில் இரண்டு மையைப் பயன்படுத்தினேன்: கண்ணால் படிப்பது நீலம், காதால் கேட்பது சிவப்பு. வாயால் பேசுவதற்குச் சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ‘அனா மாஃபி மாலூம்’ (எனக்குத் தெரியாது), ‘இந்தா ரூஹ்’ (நீ போ) என்று நம் ஆட்கள் பேசும் ஓர் அரைகுறை அரபு உண்டு. ஒரு மாதத்தில் வந்துவிடும், வேலையும் நடந்துவிடும். நம்மிடம் பேசும்போது ஓமானியரும் இரக்கப்பட்டு அதற்கே இறங்கி வந்துவிடுவார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் இங்கே இருந்தும் அந்த நூறு சொல்லைத் தாண்டாதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். யாராவது உங்களிடம் அப்படிப் பேசினால், ‘தெரியாது’ என்பதற்கு ‘மா அத்ரி’ என்று சரியாகப் பதில் சொல்லுங்கள். அடுத்த வாக்கியத்தை அவரே சரியாகப் பேசத் தொடங்குவார், ஒரு சொல்லும் கூடவே கிடைக்கும்.

உங்கள் குறிப்பேட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அதில் இருப்பவற்றுள் இந்த வாரம் கடையில் உண்மையிலேயே காதில் விழுபவற்றுக்கு மட்டும் கோடிட்டு, ஒவ்வொன்றாக அட்டைக்கு மாற்றுங்கள். முதல் அட்டைக்கு நான் ஒன்று தருகிறேன், எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை, ஆனால் தைராய்டு மாத்திரை வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியது: ‘அலர்-ரீக்’. ரீக் என்றால் எச்சில்; காலையில் ஒன்றும் படாத எச்சிலோடு, அதாவது நாம் சொல்லும் வெறும் வயிற்றில்.