நடையை மாற்றினால்தான் பள்ளியில் இடமா?

கேள்வி: என் மகன் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். நடையும் பேச்சும் கொஞ்சம் நளினமாக இருக்கும். உடன் படிக்கும் பையன்கள் 'ஒன்பது' என்று கூப்பிடுகிறார்கள். கழிப்பறையில் கால்சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள். அதற்குப் பயந்து பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. உடற்கல்வி ஆசிரியரோ, "பொண்ணுங்க வரிசையில போய் நில்லு" என்று சொல்லி வகுப்பையே சிரிக்க வைக்கிறார். தலைமை ஆசிரியரிடம் முறையிட்டால், "டாக்டர்கிட்ட காட்டி சரி பண்ணுங்க, இல்லன்னா டி.சி. வாங்கிக்கோங்க" என்கிறார். 'என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை' என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்களா?

பதில்: அம்மா, அந்த ஒரு வரியை மட்டும் எழுதாதீர்கள். உங்கள் மகன் யார் என்பது இந்தப் புகாருக்குத் தேவையே இல்லை. அப்படிப்பட்ட பையனாக இருந்தால் கேலி செய்யலாம் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதோடு, நாளைக்கு அவன் உங்களிடம் மனம்விட்டு ஏதாவது சொல்ல நினைத்தால், அந்தக் காகிதம் குறுக்கே நிற்கும்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு குழந்தையை அடிப்பதோடு மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. மீறும் ஆசிரியர் மீது பணிவிதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டும். பெண்கள் வரிசையில் நிற்கச் சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்தது இதற்குள் வரும். அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்ற முடியாது. டி.சி. என்ற மாற்றுச் சான்றிதழ் நீங்கள் கேட்டால் தருவது. மிரட்டலுக்குப் பயந்து எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

'டாக்டரிடம் காட்டி சரி பண்ணுவது' பற்றி: பாலின ஈர்ப்பையோ அடையாளத்தையோ மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில், சுஷ்மா வழக்கில், தடை விதித்தது. பள்ளிகளிலும் பெற்றோரிடமும் விழிப்புணர்வு வேண்டும் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். பையனுக்கு மனநல ஆலோசனை தேவைப்படலாம். ஆனால் அது பட்ட காயத்துக்கு, நடைக்கு அல்ல.

கழிப்பறை விஷயத்தை அவனிடம் பொறுமையாகக் கேளுங்கள். பாலியல் நோக்கத்தோடு தொட்டிருந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் வரும். அது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் பள்ளி மூடி மறைத்தால் அதுவே குற்றம். அப்படி இல்லையென்றால், அந்தப் பையன்கள் மேல் போலீஸ் கேஸ் போட நான் சொல்லமாட்டேன். அவர்களும் பிள்ளைகள்தான், சிரிக்கலாம் என்று அவர்களுக்குக் காட்டியவர் ஆசிரியர். உங்கள் புகார் பெரியவர்களைக் குறிவைக்கட்டும்.

இதுவரை நீங்கள் வாயால்தான் சொல்லியிருக்கிறீர்கள், அது எந்தக் கோப்பிலும் இருக்காது. என்றைக்கு, எந்த வகுப்பில், யார், என்ன சொன்னார்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். கெட்ட வார்த்தையாக இருந்தாலும் சொன்னபடியே எழுதுங்கள், 'தகாத வார்த்தை' என்று பூசி மெழுகினால் புகாரின் பலம் போய்விடும். நோட்டில் கிறுக்கியிருந்தால் போட்டோ எடுத்து வையுங்கள். ஆசிரியர் மீது நடவடிக்கை, இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் கண்காணிப்பு, இரண்டையும் கேளுங்கள். தலைமை ஆசிரியரிடம் கொடுத்து நகலில் கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒரு வாரம் பாருங்கள். அசைவு இல்லையென்றால் அதே புகார் மாவட்டக் கல்வி அலுவலருக்கும், முதன்மைக் கல்வி அலுவலருக்கும், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் போகட்டும். அவசரமென்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைக்கலாம். அப்புறம், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 'என் புகார் மீது என்ன நடவடிக்கை?' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பதால், தூங்கும் கோப்பு பெரும்பாலும் இந்த மனுவுக்கே எழுந்துவிடும். அதற்கும் அசையாவிட்டால், அதிகாரிகளைக் கடமையைச் செய்ய உத்தரவிடக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அந்த மனுவில் மகனின் பெயரை வெளியிடக் கூடாது என்று உங்கள் வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.